வங்கி ஏலத்தில் பழைய வீடு வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விடலாமா? செட்டிநாட்டு அனுபவம்

கேள்வி: 3 பிப்ரவரி 2025

தேவகோட்டைப் பக்கத்தில் நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த ஒரு பழைய வளவு வீட்டின் பாகம் வங்கி ஏலத்துக்கு வந்திருப்பதை நேற்றைய நாளிதழில் பார்த்தேன். குறைந்தபட்ச ஏல விலை 18 லட்சம். அதே தெருவில் காலி மனையே அதைவிடக் கூடுதலாகப் போகிறது. வாங்கிப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டால் எட்டு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கணக்கிடுகிறேன். விற்பது வங்கி என்பதால் பத்திரத்தில் சிக்கல் இருக்க வாய்ப்பில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி 2025

பதில்: பத்திரத்தில் சிக்கல் இருக்காது என்ற வரியை முதலில் அழித்துவிடுங்கள். வங்கி தனக்கு அடமானமாக வந்த உரிமையை மட்டுமே விற்கிறது. அடமானம் வைத்தவருக்கு அந்த வீட்டில் எவ்வளவு உரிமை இருந்ததோ, அதற்கு மேல் ஒரு செங்கல்கூட உங்களுக்கு வராது. ஏல விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் "எங்கு எப்படி உள்ளதோ அங்கு அப்படியே" என்ற நிபந்தனை இருக்கும். வீட்டின் மீது வேறு பாக்கியோ பங்கோ வழக்கோ இருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் வாங்குபவர்தான் என்பது அதன் பொருள்.

நான் இதைச் செய்திருக்கிறேன். பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில், 2021 நவம்பரில், கோட்டையூரில் ஒரு வீட்டை வங்கி ஏலத்தில் எடுத்தேன். நகரத்தார் மாளிகை இல்லை. நடுவில் ஒரு முற்றம், முன்கட்டு, பின்கட்டு, நாட்டு ஓடு வேய்ந்த கூரை, அவ்வளவுதான். குறைந்தபட்ச விலை 14 லட்சம். எனக்கு 14,60,000 ரூபாய்க்கு முடிந்தது. இப்போது முன்கட்டில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் இருவர் 6,500 ரூபாய்க்கும், பின்கட்டில் ஒரு சிறு குடும்பம் 4,500 ரூபாய்க்கும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் என்றால் போட்ட பணத்துக்கு 9 சதவீதம் வருகிறது. ஆகவே செய்யவே கூடாத காரியம் என்று நான் சொல்லவில்லை.

4 பிப்ரவரி 2025, இரவு

கேட்க மறந்தது: "வீட்டின் பாகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்தின் சொத்து விவரத்தில் "பிரிபடாத" என்ற சொல் இருக்கிறதா? நான்கு எல்லைகளும் அளவும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றனவா? நாளிதழ்த் துண்டின் அந்தப் பகுதியை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

6 பிப்ரவரி 2025

பதில் வரும்வரை பணம் கட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இடறி விழுவது இங்கேதான்.

வங்கிகள் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க இடம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, கடன் வாராக்கடனாகிவிட்டால் வங்கி முதலில் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்புகிறது. அதற்கும் பணம் வராவிட்டால் சொத்தைச் சுவாதீனத்தில், அதாவது தன் கைவசம், எடுத்து, 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து ஏலம் விடுகிறது. ஏலத்தில் கலந்துகொள்ளக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்டச் சொல்வது வழக்கம். ஏலம் உங்கள் பெயருக்கு முடிந்தால் அன்றோ, அடுத்த வேலை நாளுக்குள்ளோ, ஏலத்தொகையில் 25 சதவீதம் வங்கியில் சேர்ந்திருக்க வேண்டும். முன்பணம் இதில் கழியும். மீதி 75 சதவீதத்தை, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் இந்தக் கெடுவை நீட்டலாம், ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் நீட்ட முடியாது.

கட்டத் தவறினால் 25 சதவீதமும் பறிபோகும். வங்கி அதே சொத்தை மறுபடி விற்று நட்டமில்லாமல் தேறிவிட்டாலும் உங்கள் பணம் திரும்பாது. 2024 பிப்ரவரியில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது.

என் விஷயத்தில் மறுநாளே 2,25,000 ரூபாயும், பதினைந்து நாளில் 10,95,000 ரூபாயும் தேவைப்பட்டன. வீட்டுக்கடன் கிடைத்துவிடும் என்று நம்பி இறங்கியிருந்தேன். கடன் தருபவர் பத்திரம், பட்டா, மதிப்பீடு, வழக்கறிஞர் கருத்துரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க, ஒன்பதாவது நாள் என் மனைவியின் நகைகளை அடகு வைத்து 4,95,000 ரூபாய் வாங்கினேன். மீதியை ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்தேன். அந்த ஒன்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. முழுப்பணமும் கையில் இல்லாதவர் ஏலத்தில் பெயர் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

9 பிப்ரவரி 2025

விளம்பர வாசகத்தை அனுப்பியதற்கு நன்றி. "கீழ்மேல் இரு வாசல் உள்ள கட்டு வீட்டில் பிரிபடாத சரிபாதி பாகம்" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். காலி மனையைவிடக் குறைந்த விலைக்கு வந்த காரணம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

வளவு வீடு எப்படிப் பகிரப்படுகிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முகப்பு, பட்டாலை என்ற கூடம், வளவு என்ற நடு முற்றம், கிணறு, பின்கட்டு எல்லாம் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இன்னது என்று வழிவழியாக ஒதுக்கப்பட்டிருக்கும். பல வீடுகளில் இந்த ஒதுக்கீடு பங்காளிகளின் நினைவிலும் பழைய கணக்குநோட்டிலும் இருக்குமே தவிர, பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்காது. சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் அந்த வீட்டில்தான் வந்து கூடுவார்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடப்பதாலேயே யாருக்கும் வேண்டாத வீடு என்று எண்ணிவிடக் கூடாது.

சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியிருக்கவோ அனுபவிக்கவோ உரிமை கோர முடியாது. பாகம் பிரித்துத் தரும்படி வழக்குப் போடலாம். அப்படிப் போட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டிக் குடும்பத்தில் ஒருவர், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கைத் தாமே வாங்கிக்கொள்கிறேன் என்று முன்வரலாம். நீங்கள் கொடுத்தாக வேண்டும். ஆகவே பணத்தைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, கடைசியில் பணத்தை மட்டும் திரும்பப் பெறும் நிலை வரலாம். அந்த இடைக்காலத்தில் ஓர் அறையைக்கூட வாடகைக்கு விட முடியாது.

10 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். சரிபாதி என்பதே உண்மையில் சரிபாதிதானா?

நீங்கள் எழுதியிருப்பதன்படி, கடன் வாங்கியவர்கள் இரண்டு அண்ணன் தம்பிகள். அவர்களுக்கு இரண்டு சகோதரிகள் உண்டு. தாய் முன்பே காலமாகிவிட்டார். தந்தை 2011-இல் உயில் எழுதாமல் காலமானார். தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரிகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? கொடுக்கவில்லை என்றால், தந்தையின் சொத்தில் நால்வருக்கும் சமபங்கு. பிதுரார்ஜித (பரம்பரை) சொத்து என்று வைத்துக்கொண்டாலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கணக்கு அதே இடத்தில்தான் வந்து நிற்கும். வீட்டில் பாதி இந்த நால்வருடையது. அதில் இரு சகோதரர்களின் பங்கு பாதி. விளம்பரம் சொல்லும் அரைப்பங்கு, கால்பங்காகச் சுருங்கிவிடுகிறது. 18 லட்சத்தை அந்தக் கால்பங்குக்கு வகுத்துப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றில் இது தெரியாது. பதிவான ஆவணம் மட்டுமே அதில் ஏறும். சாவும் வாரிசுரிமையும் ஏறாது. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். வங்கி தரவில்லை என்றால் தெருவில் நாலு வீட்டில் விசாரிக்க வேண்டும். நம் ஊர்களில் யாருக்கு எத்தனை பெண்மக்கள், எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள் என்பதைப் பக்கத்து வீட்டு ஆச்சி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

15 பிப்ரவரி 2025

இன்னொருவர் தனி மடலில் "சுவாதீனம் வங்கியிடம் இருக்கும்போது சாவி கிடைப்பதில் என்ன தாமதம்?" என்று கேட்டிருக்கிறார். சுவாதீனம் இரண்டு வகை. நோட்டீஸைக் கதவில் ஒட்டி நாளிதழில் அறிவித்தால் அது அடையாளச் சுவாதீனம். ஆட்களை வெளியேற்றிப் பூட்டு மாற்றினால்தான் நேரடிச் சுவாதீனம். விளம்பரத்தில் எது என்று எழுதியிருக்கும். அடையாளச் சுவாதீனமாக இருந்தால், சர்ஃபாசி சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரின் அல்லது தலைமை நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். 30 நாளில், காரணம் இருந்தால் 60 நாளில், உத்தரவு தர வேண்டும் என்று 2016-இல் திருத்தினார்கள். எனக்கு உத்தரவு கிடைத்து வீடு கைக்கு வர 11 மாதம் ஆனது. நகைக்கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் கடனாளி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்னும் நீளும்; நம் பகுதிக்கு அது மதுரையில் இருக்கிறது.

அந்தப் பதினொரு மாதமும் வீட்டில் இருந்தவர் கடனாளியின் தாயார். மகன் தொழிலில் நொடித்து வெளியூர் போய்விட்டார். கடனைப் பற்றி அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான் கடனாளி பணம் கட்டிச் சொத்தை மீட்க முடியும். 2023-இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே பொருள் சொல்லிவிட்டது. ஆகவே நான் விலகிக்கொண்டாலும் அவருக்கு அந்த வீடு திரும்பக் கிடைத்திருக்காது. இதை நான் பலமுறை எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. பக்கத்துத் தெருவில் ஓர் அறை பார்த்து, ஆறு மாத வாடகை 18,000 ரூபாயைக் கட்டிக் கொடுத்தேன். சாமான்களை ஏற்றிய அன்று அவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் மேலே கையைக் காட்டினார். "வடமேற்கு மூலையில ஓடு சரிஞ்சிருக்கு தம்பி, ஐப்பசி மழைக்கு முன்னாடி பாத்துக்கங்க" என்றார். மதிப்பீட்டாளர் அறிக்கையில் அந்த மூலை இல்லை.

27 பிப்ரவரி 2025

நேற்று வங்கி குறித்திருந்த பார்வை நாள். கேள்வி கேட்டவர் அழைத்ததால் நானும் போயிருந்தேன். அடையாளச் சுவாதீனம்தான், வங்கி அலுவலர் முகப்பு வரைக்கும்தான் காட்ட முடிந்தது. வளவைச் சுற்றி எட்டு அறைகள், பூட்டுகள் நான்கு விதம். மின் மீட்டரும் நான்கு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்னும் சிதையாமல் நிற்கின்றன. பின்கட்டில் மட்டும் கூரை இறங்கியிருக்கிறது.

நாங்கள் வந்த செய்தி கேட்டு, மற்றப் பாதியின் பங்காளி ஒருவர், எழுபது வயதுக்கு மேலிருக்கும், சைக்கிளில் வந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை. "எங்க பேத்தி கல்யாணத்துக்கு இந்த முகப்புலதான் மாப்பிள்ளை அழைப்பு. ஏலத்துல எடுக்கிறவுக எங்க போய் நிக்கப் போறாக?" என்று மட்டும் கேட்டார். சகோதரிகள் இருவரும் விடுதலை எழுதிக் கொடுக்கவில்லை என்பதையும், வழக்குப் போட வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

கூட வந்த தரகர் தனியாக அழைத்து, "பங்கு கிடைத்ததும் தூணையும் நிலைக்கதவையும் பிரித்து விற்றால் பாதிப் பணம் உடனே வந்துவிடும்" என்றார். பிரிபடாத பங்குக்காரர் பொதுச் சொத்தைப் பிரித்து விற்றால் வழக்கில் மாட்டுவார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செட்டிநாட்டு ஊர்கள் சில 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை. நூறு ஆண்டு நின்ற தூணை எடைக்குப் போட்டு இலாபம் பார்ப்பதற்காக வீடு வாங்குபவருக்கு நான் எந்த யோசனையும் சொல்ல மாட்டேன்.

2 மார்ச் 2025

பழுதுபார்ப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் செலவு 6,20,000 ரூபாய். அதில் ஏறக்குறைய ஒரு லட்சம், முன்பு யாரோ செய்த தவற்றைத் திருத்தப் போனது.

வீட்டின் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. முந்தைய உரிமையாளர் கீழ்ப்பகுதியில் இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசியிருந்தார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. கொத்தனார் விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பானையைத் தட்டிய ஓசை வந்தது. கரண்டியை நுழைத்து நெம்பியதும் சிமென்ட் பலகையாகப் பெயர்ந்து விழ, உள்ளே சுண்ணாம்பு நனைந்த சர்க்கரை போல ஈரமாகக் கையோடு வந்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்; சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் மேலும் மேலும் ஏறி, உப்புப் பூத்து, செங்கல்லையே தின்றுவிடும். முழுவதையும் கொத்தி எடுத்து, ஒரு மாதம் காயவிட்டு, குழியில் நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பைக் கடுக்காய் ஊறல் சேர்த்துப் பூசினோம். ஆள்கூலி கூடுதல்தான். ஆனால் இரண்டு மழைக்காலம் கடந்தும் அந்தச் சுவரில் ஒரு பொருக்கு எழவில்லை.

தரையில் பதினோரு பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) உடைந்திருந்தன. ஓர் உடைந்த கல்லை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். கண்ணாடிப் பலகையின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் கொட்டி அழுத்துகிறார்கள். சூளை கிடையாது; உலர்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்கு வழவழப்பைக் கொடுக்கிறது. பழைய பச்சை நிறம் அப்படியே அமையவில்லை. புதிய பதினொன்றையும் நடுவில் பதிக்காமல், பட்டாலை ஓரத்துக் கற்களைப் பெயர்த்து நடுவில் போட்டுவிட்டு, புதியவற்றை ஓரத்தில் பதித்தோம். யோசனை கொத்தனாருடையது.

ஓட்டைப் பொறுத்தவரை, முழுக்கூரையையும் பிரிக்கச் சொல்பவரை நம்பாதீர்கள். சரிந்த இடத்தை மட்டும் பிரித்துக் கட்டையைக் கறையானுக்குப் பார்த்துவிட்டு மறுபடி வேய்ந்தால் போதும். என் வீட்டில் வடமேற்கு மூலையில் மட்டும்தான் கட்டை மாற்ற வேண்டியிருந்தது.

5 மார்ச் 2025

பிப்ரவரி 4-ஆம் தேதி 9 சதவீதம் என்று எழுதினேன். அது தவறு, படிப்பவர்கள் அதை நம்பி இறங்கக் கூடாது என்பதற்காகத் திருத்துகிறேன். ஏல விலையை மட்டும் வைத்து வகுத்திருந்தேன்.

ஏல விலை 14,60,000. முத்திரைத் தீர்வை, பதிவு, வழக்கறிஞர் எல்லாம் சேர்ந்து 1,55,000. பழைய சொத்துவரி, மின்பாக்கி 38,000. பழுதுபார்ப்பு 6,20,000. நகைக்கடன் வட்டி 52,000. ஆக 23,25,000 ரூபாய். வாடகை 1,32,000 என்பது எல்லா மாதமும் ஆள் இருந்தால் வருவது. பின்கட்டு சென்ற ஆண்டு இரண்டு மாதம் காலியாக இருந்தது. சொத்துவரியும் ஓடு மாற்றும் கூலியும் மோட்டார்ப் பழுதும் போக, கையில் நின்றது 96,000 ரூபாய். 4 சதவீதத்துக்குச் சற்று மேல். வங்கியின் நிரந்தர வைப்பில் போட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும். மனை விலை ஏறுகிறது என்பது உண்மை; ஆனால் விற்றால்தான் அந்த ஏற்றம் பணமாகும், நான் விற்பதற்காக வாங்கவில்லை.

எட்டு ஆண்டில் முதல் திரும்பும் என்ற உங்கள் கணக்கையும் இப்படியே போட்டுப் பாருங்கள். 18 லட்சம் எட்டு ஆண்டில் திரும்ப, செலவெல்லாம் போக மாதம் 18,750 ரூபாய் நிற்க வேண்டும். அந்தத் தெருவில் அந்த வாடகை கொடுப்பவர் யார்?

வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தெரிந்த பையன்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

13 மார்ச் 2025

நேற்று ஏலம் நடந்தது, யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டவரும் முன்பணம் கட்டவில்லை. வங்கி குறைந்தபட்ச விலையை இறக்கி, 15 நாள் அறிவிப்பில் மறுபடி ஏலம் விடும் என்றும், 14 லட்சத்துக்கு வந்தால் எடுக்கலாமா என்றும் கேட்கிறார். 10 லட்சத்துக்கு வந்தாலும் என் பதில் மாறாது. அந்தப் பங்கை வாங்க ஏற்றவர்கள் அந்த முகப்பில் கல்யாணம் நடத்தப்போகிற பங்காளிகளும் கையெழுத்துப் போடாத சகோதரிகளும்தான். வங்கியோடு பேசி அவர்களே எடுத்துக்கொண்டால் வீடும் உடையாது, வங்கியின் கடனும் அடையும். அன்று சைக்கிளில் வந்த பெரியவரிடம் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டை போகும்போது சொல்லிவிடுவேன்.

21 மார்ச் 2025

பெரியவரைப் பார்த்துவிட்டேன். சகோதரிகளோடு பேசுவதாகச் சொன்னார். வங்கி மேலாளரைப் பார்க்க ஒரு நாளும் குறித்திருக்கிறார்.

கேள்வி கேட்டவர் இப்போது புதுவயலில் ஒரு சிறிய ஓட்டு வீட்டைப் பார்த்திருக்கிறார். முழு வீடு, ஒரே உரிமையாளர் கிரயம் வாங்கியது, நான்கு எல்லையும் சுத்தம், நேரடிச் சுவாதீனம் என்று அறிவிப்பில் இருக்கிறது. தாய்ப்பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை பார்த்தேன், குறை தெரியவில்லை. சுவர் எப்படி என்பதுதான் பாக்கி. முன்சுவரில் இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசியிருப்பது படத்திலேயே தெரிகிறது. பார்வை நாளன்று என் கொத்தனாரை அழைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் புதுவயல் கடைத்தெருவில் நிற்கிறேன். வெயில் ஏறுவதற்குள் தட்டிப் பார்த்துவிடலாம்.